டாக்டருக்குச் சொல்லிவிட்டது யார்?

ஜில்லா போர்டு டாக்டர் வாசலில் வந்து நின்றதும் தறிக்குழியிலிருந்து ஏறி ஓடி, கதவை மறித்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லை என்று கூசாமல் பொய் சொன்னேன்.

உள்ளே என் சம்சாரம் கமலவேணி நாலாவது செம்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

வெண்ணந்தூரில் காலரா புகுந்து ஒரு மாதம். தாகம் என்று யாராவது வாயைத் திறந்தாலே ஊருக்கு வெளியே போட்டிருந்த கொட்டகைக்குத் தூக்கிப் போனார்கள். போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை.

இவளுக்கோ இருபது நாளாகத் தீராத தாகம். ஆள் துரும்பாக இளைத்துவிட்டாள். ஆஸ்பத்திரிப் பக்கமே காட்டாமல் வீட்டுக்குள் மறைத்து வைத்திருந்தேன்.

எந்தப் பாவி போய்ச் சொன்னதோ! அந்த நாக்கு அழுகிப்போக என்று மனசுக்குள் சபித்தேன்.

டாக்டர் என்னை விலக்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே, அவளுக்கு மூத்திரம் போகிறதா என்று கேட்டார். கேட்கிற கேள்வியா இது! எனக்கு மானம் போயிற்று.

“போகுதாவா? காத்தாலயிருந்து பத்துத் தடவ ஆச்சுங்க!” என்று உள்ளிருந்து கத்தினாள் இவள்.

டாக்டர் சிரித்துவிட்டார். காலரா என்றால் அது நின்றல்லவா போகும் என்றார். பிறகு, கொல்லையில் அவள் போன இடத்தில் எறும்பு மொய்க்கிறதா என்று கேட்டார்.

மொய்த்தது. வெல்லத்தைச் சிந்திவிட்டதாக நினைத்து இரண்டு பிள்ளைகளையும் நான் அடித்திருக்கிறேன்.

நீரிழிவு என்றார். இன்னும் பத்து நாள் ஒளித்து வைத்திருந்தால் நானே அவளைக் கொன்றிருப்பேனாம். சேலத்தில் இதற்கு ஊசி இருக்கிறது, இன்றைக்கே கூட்டிக்கொண்டு போ, பிழைத்துக்கொள்வாள் என்றார்.

தடாலென்று அவர் காலில் விழுந்தேன். அழுகை அடங்கவில்லை.

கும்பிடு எனக்கு எதற்கு, பக்கத்து வீட்டுச் சௌந்திரம்தான் வந்து சொன்னாள் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

அந்த மகராசி காலைக் கழுவிய தண்ணீரைக் குடித்தாலும் தகும். துண்டை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கமலவேணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஏனுங்க, அவள எதுக்குக் கும்புடப் போறீங்க? நாந்தானுங்க அவகிட்டச் சொல்லியுட்டேன். என்னையக் கொட்டாய்க்கு எடுத்துட்டுப் போயிட்டா, புள்ளைங்களாச்சும் தப்பிச்சுக்குமேன்னு.”