சுவருக்குப் பின்னால் ஓர் அறை

'அலைக்கோட்டை' கணினி விளையாட்டின் மூன்றாம் பாகம் ஏகப்பட்ட பிழைகளோடு வெளிவந்து பெயர் கெட்டது. பிழைகளைத் திருத்த வெளியீட்டு நிறுவனம் கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்தது. விளையாடுபவர்கள் திரும்பி வராவிட்டால் மூடுவிழாதான். பொறுப்பு நிரலாளர் ரோஸ்லினிடம் வந்தது.

பிழைகளில் ஒன்று இது: ஆட்டத்தில் வரும் துறைமுகச் சுவரில் சாய்ந்தால் போதும், வாசலில்லாத இருட்டறைக்குள் விழுந்துவிடுவோம். ஆட்டத்தை அணைத்தால்தான் மீள முடியும். அதைச் சோதிக்க ரோஸ்லின் தன்னை யாரென்று காட்டிக்கொள்ளாமல் உள்ளே விழுந்தாள். அங்கே விளையாடுபவர்களின் கூட்டம் ஒன்று உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது.

"புதுசா? வாங்க, உட்காருங்க," என்றது ஒரு பெண்குரல்.

"இங்க என்ன பண்றீங்க?"

"வெளிய விளையாட ஆளே இல்ல. விட்டுட்டுப் போகவும் மனசு வரல. தினமும் இங்கதான் கூடுவோம்."

"இதையெல்லாம் சரிபண்ணப் போறாங்களாமே?"

"அதாங்க பயமா இருக்கு."

ரோஸ்லின் ஆட்டத்தை அணைத்து வெளியே வந்தாள்.

மறுநாள் மேலாளர் கேட்டார்: "அந்தச் சுவரை அடைச்சாச்சா?"

"சரிபண்ணிட்டேன் சார்."

அவள் சுவரை அடைக்கவில்லை. அறைக்கு ஒரு கதவு வைத்து, உள்ளே ஒரு விளக்கையும் ஏற்றியிருந்தாள்.

திருத்தம் வெளியான மாலையில் ரோஸ்லின் திரையைப் பார்த்தபடி இருந்தாள். கதவு திறந்ததும் அந்தப் பெண்தான் முதலில் வெளியேறினாள். மற்றவர்கள் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில், யாரோ இரண்டு புது ஆட்களைக் கூட்டிக்கொண்டு அவள் திரும்பி வந்தாள்.