ஏழு கிலோ

நவம்பர் 12, புதன்கிழமை. இன்றைக்கு ஒரு சின்னத் தப்பு செய்துவிட்டேன். கேட்டார்கள் என்று பதில் சொல்லிவிட்டேன்.

செல்வலட்சுமி இதை வீட்டுக்கு வந்ததும் டைரியில் எழுதினாள். தப்பு நடந்தது சாயங்காலம், நாரணாபுரம் பால்வாடியில், பிள்ளை பெற்றவர்களுக்கான உடற்பயிற்சி வகுப்பில் பாய் விரித்து மல்லாந்து கிடந்தபோது.

முழங்காலை மடக்கி, தலையை மட்டும் கொஞ்சம் தூக்கி, தொப்புளுக்கு மேலே விரலை வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரசவத்தில் நடுவயிற்றுத் தசை இரண்டாக விலகிப்போயிருந்தது. முதல் நாள் அந்த இடைவெளியில் மூன்று விரல் சுளுவாக இறங்கியது.

இன்று இரண்டு.

இரண்டுதானா, இரண்டரையா? தன் விரலையே அவளுக்கு நம்பிக்கையில்லை. மறுபடியும் அழுத்தினாள்.

அது சேர்ந்தாக வேண்டும். கார்த்திகையில் பட்டாசுக் கம்பெனி திறந்துவிட்டால் காலை மடக்கித் தரையில் உட்கார்ந்து, பொழுது சாய்கிறவரை குனிந்த வேலை. வயிற்றில் பிடிமானம் இல்லாவிட்டால் இடுப்பு மதியம்வரை தாங்காது.

அதற்காக மட்டுமே வருகிறாள் என்றும் சொல்ல முடியாது. புருஷன் சங்கிலிமுத்து காலண்டர் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தான். வந்துசேரப் பத்து நாளாகும். தெருப் பெண்கள் இப்போதெல்லாம் அவளைக் கண்டதும் பேச்சை மாற்றிக்கொள்கிறார்கள்.

பஸ் ஏறி வந்தால் இங்கே அவளை முன்பின் தெரிந்தவர் யாரும் இல்லை. பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்பது வகுப்பின் சட்டம். அந்த ஒரு மணி நேரம், பாயில் கிடக்கிற பிள்ளை பெற்றவர்களில் அவளும் ஒருத்தி.

“மூச்ச விடுத்தா!”

யோகேஸ்வரி அக்கா தலைமாட்டில் வந்து நின்றார். பகலில் ஆஸ்பத்திரியில் பிசியோ, சாயங்காலம் இங்கே வந்து சொல்லித்தருகிறார்.

“வயித்த உள்ள இழுக்கும்போது மூச்ச வெளிய விடணும்னு எத்தன தடவ சொல்ல? இங்கன என்ன மருந்தா அடைக்கோம்?”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கிறவரைக்கும் அவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கிடந்தார்கள். பட்டாசுக்கு மருந்து அடைத்துப் பழகின உடம்புகள். மூச்சுப் பட்டால் பொடி பறக்கும். கவனமாகச் செய்ய வேண்டிய எதையும் மூச்சைக் கட்டித்தான் செய்யத் தெரியும்.

செல்வலட்சுமியும் சிரித்தாள். சிரிப்பில் வயிறு தானாகவே உள்ளே போய் இறுகியது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

“நாளையிலருந்து எடை வச்சுச் செய்யணும்” என்றார் அக்கா, எல்லோரையும் பார்த்து. “அவுகவுக பிள்ளையத் தூக்கிட்டு வந்துருங்க. அடிவயித்துல உக்கார வச்சு இடுப்பத் தூக்கணும்.”

“எம்மவன உக்கார வச்சா பாயோட நனைச்சிருவான்க்கா” என்றாள் பக்கத்துப் பாய் பாண்டிச்செல்வி. சிரிப்பு அடங்குமுன் இந்தப் பக்கம் திரும்பினாள். “ஒம் மக எம்புட்டு இருப்பா மதினி? கண்ணுலயே காட்ட மாட்டேங்கியே.”

“ஏழு கிலோ.”

யோசிக்கவே இல்லை. வாய் சொல்லிவிட்டது.

“ஆத்தாடி! நாளைக்கு நானும் ஒருக்கா தூக்கிப் பாத்துக்கிடுதேன்.”

செல்வலட்சுமி முகட்டைப் பார்த்தாள். நாளைக்கு வராமல் இருந்துவிடலாம். காய்ச்சல் என்று சொல்லலாம். ஒரு நாளைக்குச் சொல்லலாம், மறுநாளைக்கு?

வராமலே நின்றுவிட்டால் இந்தப் பாய் இல்லை. இந்தச் சிரிப்பு இல்லை. இரண்டு விரல் இடைவெளி அப்படியே கிடக்கும்.

வகுப்பு முடிந்தது. மற்றவர்கள் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு மட்டும் பாய் கோணலாகவே சுருண்டது. விரித்துவிட்டு மறுபடியும் சுருட்டினாள்.

யோகேஸ்வரி அக்கா வந்து குத்தவைத்து, பாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

“பிள்ளைக்குச் சளி, அத்தை விடலன்னு அவுககிட்ட நான் சொல்லிக்கிடுதேன். ஒனக்கு மணல் பை கொண்டாரேன்.”

செல்வலட்சுமி நிமிரவில்லை.

“ஏழு கிலோதான?”

தலையை ஆட்டினாள்.

முதல் நாள் வயிற்றைத் தொட்டுப் பார்க்கும்போது அக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். பிள்ளை இரண்டு நாள்தான் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. இன்று பிள்ளையைத் தூக்கி வரும்படி எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னபோது, அக்கா அதை மறந்துவிட்டார் என்று நினைத்திருந்தாள்.

எந்த மாதத்தில் பெண் பிள்ளை எத்தனை கிலோ இருக்க வேண்டும் என்று பால்வாடிச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது. பாயில் கிடந்து தலையைத் தூக்கினால் நேர் எதிரே தெரியும். தலையைத் தூக்கும்போதெல்லாம் செல்வலட்சுமி அதைத்தான் படித்துக்கொண்டிருந்தாள்.

இந்த மாதத்துக்கு ஏழு.

நாளைய வேலை: மணல் பை வயிற்றில் உறுத்தும் என்றார் அக்கா. காலையில் பழைய நூல் சேலை ஒன்றை அலசிக் காயப்போட வேண்டும், பையைச் சுற்றுவதற்கு.