கை நனைத்த பிறகு

"கறிய அரைச்சு உருண்டை உருட்டிக் கொழம்புல போட்டிருக்கீங்க! யார ஏமாத்தப் பாக்குறீங்க?"

உடையார்பாளையத்திலிருந்து மகனுக்கு நிச்சயம் பேச வந்த குஞ்சம்மாள், பாதிச் சாப்பாட்டில் எழுந்து நின்றுவிட்டாள். பக்கத்து இலையில் அவள் கணவர் இராமலிங்கம் கழுத்தையும் கையையும் மாறி மாறிச் சொறிந்துகொண்டிருந்தார். முகமெல்லாம் தடிப்புத் தடிப்பாக வீங்கியிருந்தது.

"சாமி சத்தியமா கறி இல்லீங்க சம்பந்தியம்மா," என்றார் பெண்ணின் அப்பா ராசாங்கம். "சோயான்னு புதுசா பாக்கெட்டுல வருது, சுத்த சைவம். எங்க பங்காளிங்களுக்குக் கறி இல்லாத விருந்து எறங்காது. அதான் திருச்சியில போயி வாங்கியாந்தேன்."

"இந்தக் கதையெல்லாம் வேற ஆளுகிட்ட சொல்லுங்க. மூணு தலமொறையா கவிச்சி படாத வூடு எங்களுது. கறி வாசம் அடிச்சா அடுத்த தெருவால சுத்திப் போற மனுசன் இவரு. கறி பட்டதும் ஒடம்பு எப்படிக் காட்டிக்குடுத்துச்சு பாருங்க!"

குஞ்சம்மாள் ஒன்று சொன்னால் அவள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. ராசாங்கத்தின் பங்காளிகளே அவரைச் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

சமையற்கட்டு வாசலில் நின்ற மணப்பெண் தனத்துக்குக் கண் கலங்கிவிட்டது. சம்மதம் சொல்லிக் கை நனைத்தவர்கள் பாதியில் எழுந்து போனால், அப்புறம் அரியலூரில் எவன் அவளைக் கேட்டு வருவான்?

"கெளம்புங்க. பொய் சொல்றவங்க வூட்டுப் பொண்ணு நமக்கு வேணாம்," என்றாள் குஞ்சம்மாள்.

இராமலிங்கம் எழவில்லை. தனத்தின் முகத்தைப் பார்த்தார். பாவமாக இருந்தது.

"உக்காரு குஞ்சம்மா. நல்ல பொண்ணு. இது கறி இல்ல."

"ஒங்களுக்கு என்னங்க தெரியும்? கறி ஒத்துக்கலன்னு ஒங்க மூஞ்சியே சொல்லுதே!"

இராமலிங்கம் சொறிவதை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"கறின்னா எனக்கு ஒத்துக்கும்டி. வாராவாரம் இங்க சந்தைக்கு வரப்ப, மிலிட்டரி ஓட்டல்ல ஒத்துக்குதே!"