மை இல்லாத நிறம்

"நல்லாப் பாத்துச் சொல்லு. இது என்ன கலர்?"

மேற்பார்வையாளர் திருநாவுக்கரசு நீட்டிய தகட்டை ஷாஹிரா வாங்கினாள். கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். லேசர் பெட்டியின் சூடு இன்னும் அதில் ஒட்டியிருந்தது.

"நீலம், அண்ணே."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அவர் தகட்டைத் திரும்ப வாங்கி, ஜன்னல் பக்கம் சாய்த்து, நிமிர்த்தி, மறுபடியும் சாய்த்துப் பார்த்தார். பிறகு தாளில் ஏதோ எழுதிக்கொண்டு நகர்ந்துவிட்டார். காலையிலிருந்து இது ஏழாவது தடவை.

சுங்கை பினாங் அடுக்குமாடிகளுக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்னப் பட்டறையில் ஷாஹிரா சேர்ந்து இன்றோடு மூன்று மாதம். சோதனைக் காலம் முடிகிறது. ஐந்து மணிக்குத் திருநாவுக்கரசு முதலாளியைப் பார்த்து, இவளை வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று சொல்லியாக வேண்டும். வேண்டாம் என்றால் அவள் மறுபடியும் மாமாவின் நாசி கண்டார் சோற்றுக் கடைக்குத்தான் போக வேண்டும். நான்காம் படிவத்தோடு பள்ளியை விட்டதும் அங்கேதான் நிறுத்தினார்கள். வரிசையில் நின்ற கூட்டம் ஒரே நேரத்தில் குரல் கொடுத்ததில் வாயடைத்து, இரண்டாம் நாளே அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடியவள் அவள்.

இங்கே அப்படியில்லை. பேச்சே தேவையில்லை. எஃகுத் தகட்டின்மேல் தாளைவிடப் பல மடங்கு மெல்லிய டைட்டேனியப் படலம். லேசர் அதைச் சுட்டால் மையும் சாயமும் இல்லாமலே நிறம் எழும்பி வரும். கொஞ்சம் சுட்டால் பொன். அதற்கும் மேலே போனால் ஊதா, நீலம், ரோஜா, பச்சை. எந்த நிறத்துக்கு லேசரை எந்த வேகத்தில் ஓட்ட வேண்டும் என்பது திருநாவுக்கரசுக்கு மனப்பாடம். ஆனால் படலம் துளி கூடக்குறைய இருந்தாலும் நிறம் மாறிவிடும். அதனால் தகடுகள் அடுக்கிய ஒவ்வொரு தட்டிலிருந்தும் அவர் ஒன்றை எடுத்துக் கண்ணால் பார்த்து, நிறத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பட்டர்வொர்த் தொழிற்சாலைகள் கருவிகளில் மாட்டுவதற்காக வாங்கும் அடையாளத் தகடுகள் இவை. நிறம் தப்பினால் பெட்டியோடு திரும்பி வரும்.

அவருக்கு இவள்மேல் என்ன கோபமோ தெரியவில்லை. முதல் வாரத்திலிருந்தே இந்தக் கேள்விதான்.

பொட்டலம் கட்டும் ரொஸ்னா அக்காவுக்கு அதில் சந்தேகமே இல்லை. இவளுக்கு முன்னால் இருந்த பெண்ணையும் இப்படியே கேட்டுக் கேட்டு, ஒரே மாதத்தில் ஓட வைத்தாராம்.

"உன்னை மாட்டி விடத்தான்லா கேக்குறாரு. ஒரு தடவை தப்பாச் சொல்லிப் பாரு, அன்னிக்கே பையைத் தூக்க வேண்டியதுதான். என்கிட்ட கேக்க மாட்டாரே. கேட்டா ஜெலுத்தோங் வரைக்கும் கேக்குற மாதிரி திருப்பிக் கேப்பேன்னு தெரியும்."

அதைக் கேட்டதிலிருந்து ஷாஹிராவுக்குத் தூக்கம் சரியாக இல்லை. வேலைக்கு நடந்து வரும்போது எதிரே வரும் கார்களின் நிறத்தையெல்லாம் முணுமுணுத்துப் பழகினாள். இன்று உம்மா கட்டிக் கொடுத்த சோற்றைப் பிரிக்கக்கூட இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும் உள்ளங்கையைச் சட்டையில் துடைப்பதுமாகவே பொழுது போனது.

நான்கரைக்குக் கை கழுவப் பின்பக்கம் போனாள். கதவுக்கு அந்தப் பக்கம் திருநாவுக்கரசு தன் மனைவியோடு கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார்.

"இல்ல லெட்சுமி, இனிமே ஓட்ட முடியாது. இத்தனை மாசமா நானும் சமாளிச்சுப் பாத்துட்டேன். முதலாளிக்கு என்னிக்காவது தெரியத்தான் போகுது. இன்னிக்கு அஞ்சு மணிக்குச் சொல்லிடுறேன். வேலை போனாப் போகட்டும்."

தன்னைத்தான் சொல்கிறார் என்று ஷாஹிராவுக்குப் புரிந்துவிட்டது. குழாயை மூட மறந்து, திரும்பப் போய் மூடிவிட்டு வந்தாள். கழற்றியிருந்த கையுறையை மடித்து மேசையில் வைத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அழக் கூடாது, ஐந்து மணிக்குள் போய்விட வேண்டும் என்று மட்டும் நினைத்தாள்.

வாசலை நெருங்கும்போது திருநாவுக்கரசு எதிரே வந்து நின்றார். கையில் கடைசித் தட்டின் தகடு.

"எங்கே கிளம்பிட்டே? இதை மட்டும் பாத்துட்டுப் போம்மா. என்ன கலர்?"

பொட்டலம் கட்டுவதை நிறுத்திவிட்டு ரொஸ்னா வேடிக்கை பார்த்தாள்.

ஷாஹிரா தகட்டைப் பார்த்தாள். ரோஜா நிறம். பால் ஊற்றிய பண்டோங் சர்பத்தின் அதே ரோஜா. பள்ளிக்கூடம் போகாத குழந்தைகூடச் சொல்லிவிடும். மூன்று மாதமாக ஒரு தடவைகூடத் தப்பாகச் சொல்லவில்லை. சொல்லி என்ன கண்டாள்? துரத்துவது என்று முடிவான பிறகும் ஒரு கேள்வி. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரை வேண்டுமென்றே சீண்டிப் பார்க்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

"பச்சை," என்றாள்.

"நிச்சயமா?"

"நல்ல பச்சை, அண்ணே."

சொல்லிவிட்டு, திட்டு விழட்டும் என்று அவர் முகத்தையே பார்த்தபடி நின்றாள். அவர் தகட்டை ஜன்னல் பக்கம் சாய்த்தார். நிமிர்த்தினார். கண்ணைச் சுருக்கி மறுபடியும் சாய்த்தார். பிறகு பேனாவை எடுத்து, தாளில் 'பச்சை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"நீ சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்," என்று சொல்லிக்கொண்டே, அந்த ரோஜாத் தகட்டைப் பச்சைத் தகடுகளுக்கு நடுவே கவனமாக அடுக்கி வைத்தார்.