காத்திருக்க ஒரு பெஞ்சு

அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது அத்தனையும் சத்தியம். ஒரு வார்த்தை பொய்யென்றாலும் என் பல்செட் கழன்று விழட்டும்.

அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் டிசைன் திங்கிங் பயிற்சியாம், சம்பளமும் உண்டாம். யாராவது ஒருவரின் கஷ்டத்தைக் கேட்டுத் தீர்த்துவைக்க வேண்டும். தேறாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“எவ்வளவு நேரம் தாத்தா இங்க இருப்பீங்க?”

“சாப்பிட்டு வந்தா இருட்டுற வரைக்கும்மா.”

“ஐயோ! டிரைவருங்க நிறுத்தவே மாட்டாங்களா?”

“நான் இங்க வந்து உக்கார ஆரம்பிச்சதுல இருந்து ஒருத்தனும் நிறுத்தல.”

“வேற என்ன கஷ்டம்?”

“இந்தக் கல்லுல உக்காந்து இடுப்பு விட்டுப்போச்சு.”

அவள் கண் கலங்கிவிட்டது.

அடுத்த மாதமே மெத்தை, சாய்மானம், கூரையோடு ஒரு பெஞ்சு வந்து இறங்கியது. பேராசிரியர் அமர்ந்து பார்த்து, “பிரமாதம்மா! உன் பயிற்சியை நீட்டிச்சாச்சு” என்றார்.

“எல்லாம் உங்களாலதான் தாத்தா” என்று அவள் என் கையைப் பிடித்தாள். புது மெத்தையைத் தட்டிப் பார்த்து, “நல்லா இருக்கும்மா” என்றேன்.

நேற்று ஓர் அம்மாள் பெட்டியோடு வந்து, “பஸ் வந்துடுமா பெரியவரே?” என்றார். முகத்தைப் பார்க்கக் கூசியது. நகர்ந்து இடம் கொடுத்தேன்.

அந்தச் சாலையில் பேருந்து விடுவதை நிறுத்தி நாலு வருஷமாகிறது.