நீல வண்டியின் வலது கதவு

ஓடினாள் எஸி.

காலில் பள்ளிக்கூடத்துக்குப் போட்டு வந்த மெல்லிய ஷூ. கோட்டுப் பொத்தான்கூடப் போடவில்லை. உறைந்த ஏரியின் மேல், நடுவே ஒருக்களித்துச் சாய்ந்துகொண்டிருந்த நீல நிறக் காரை நோக்கி ஓடினாள்.

கரையில் ஊரே திரண்டு நின்று சிரித்தது.

"டீச்சரம்மா! நில்லுங்க! வண்டிக்குள்ள ஒரு ஈ, காக்கா கெடையாது!" விளையாட்டை நடத்தும் டௌனோவின் குரல் ஒலிபெருக்கியில் அலறியது. "இது எங்க ஊரு வெளையாட்டும்மா!"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கானாவில் ஏதோ ஒரு கடற்கரை ஊர். அங்கிருந்து எங்கள் மின்னசோட்டா மூலைக்கு ஒரு பருவம் பாடம் நடத்த வந்தவள். அன்றுதான் முதல் நாள். கரும்பலகையில் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தபோதே, கார் முழுகத் தொடங்கிவிட்டதென்று ஏரிச் சங்கு ஊதிவிட்டது. பிள்ளைகள் புத்தகத்தைப் போட்டுவிட்டுப் பறந்தார்கள். பின்னாலேயே இவளும்.

பழைய கார் ஒன்றின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, குளிர்காலத்தில் ஏரி நடுவே நிறுத்துவோம். பனி இளகி அது என்றைக்கு முழுகும் என்று ஊரே பந்தயம் கட்டும். பிறகு டிராக்டரால் இழுத்தெடுக்க ஓட்டுநர் பக்கக் கதவோடு சேர்த்துக் கட்டிய ஒரு சங்கிலி. ஜெயித்தவர் வீட்டுக்கு ஒரு கூடை ஏலக்காய் ரொட்டி.

இதை அவளிடம் யாருமே சொல்லவில்லை. தலைமையாசிரியர் சொல்லியிருப்பார் என்று டௌனோ நினைத்தார். டௌனோ சொல்லியிருப்பார் என்று தலைமையாசிரியர்.

இப்போதெல்லாம் டிசம்பரிலும் அந்த ஏரி சரியாக உறைவதில்லை. காரை எங்கே நிறுத்துவது? பந்தயமும் போயிற்று, ரொட்டியும் போயிற்று.

அந்த வருஷத்துக் கார் எங்களுடையது.

என் வீட்டுக்காரர் ஆர்வோ இறந்து முதல் குளிர்காலம். எனக்கு ஓட்டத் தெரியாது. ஊர் கேட்டது, கொடுத்துவிட்டேன்.

இரண்டே கதவு. வலது பக்கம் என் இடம். எங்கே போனாலும் ஆர்வோ தன் பக்கம் இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, தொப்பியைத் தொட்டு ஒரு வணக்கம் வைத்து, எனக்குக் கதவைத் திறந்துவிடுவார். மழையோ, பனிப்புயலோ. சர்ச் வாசலில் பெண்கள் தங்கள் புருஷன்மாரை முழங்கையால் இடிப்பார்கள்.

"பாத்துக்கய்யா, அது ஆம்பள! நீ, நான் எறங்கினேனா இல்லையான்னுகூடப் பாக்காம போயிடுவ!"

ஆர்வோ காது சிவக்கச் சிரிப்பார்.

உண்மை எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அந்தக் கதவின் உள்கைப்பிடி வாங்கின வருஷமே ஒடிந்துவிட்டது. உள்ளேயிருந்து திறக்கவே திறக்காது. ரிப்பேர் பண்ணச் சொன்னால், "பண்ணிட்டா ஊர்ல என் பேரு என்னாவறது, லெம்பி?" என்பார்.

படீர்!

ஏரி வெடித்த சத்தம். கரையில் சிரிப்பு சட்டென்று அறுந்தது.

எஸியின் வலது கால் முழங்கால்வரை உள்ளே போயிருந்தது. பிடுங்கி எடுத்தாள். ஷூ வரவில்லை. வெறுங்காலோடு நின்றவள், திரும்பாமல் மறுபடி முன்னால் ஓர் அடி வைத்தாள்.

"காலி வண்டிக்குப் போயி உசுர விடறியே, கண்ணு!" டௌனோவின் குரல் உடைந்தது.

நானும் கத்தினேன். "திரும்பிப் போ, பெண்ணே! உன் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது? போ!"

அந்த அமளியில் என் குரல் எங்கே எடுபடும்? குளிரில் நாக்கு வேறு பாதி விறைத்திருந்தது.

இனி இவள் கேட்கமாட்டாள் என்று டௌனோவுக்குப் புரிந்துவிட்டது. "சரி, படு! வயித்த அழுத்திப் படு! ஊர்ந்து போ! டேய், ஏணியத் தள்ளுங்கடா!"

படுத்தாள். கைகளை அகட்டி, முழங்கையால் உந்தி, அங்குலம் அங்குலமாக ஊர்ந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் நாலு பேர் ஏணியைத் தள்ளிக்கொண்டு வருவது சின்னதாகத் தெரிந்தது.

அவள் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. புருவத்தில் பனித்தூள். உதடுகள் எதையோ விடாமல் முணுமுணுத்தன. பிரார்த்தனையாக இருக்கலாம். திட்டாகவும் இருக்கலாம்.

கார் காலி என்று ஊருக்குத் தெரியும். தெரிந்ததால் ஒருவரும் கண்ணாடியைப் பார்க்கவில்லை. ஒன்றும் தெரியாமல் வந்தவள்தான் பார்த்தாள். கண்ணாடியில், உள்பக்கம், ஆவி படிந்திருந்தது.

காலி வண்டிக்கு ஏது மூச்சு?

சால்வை நுனியால் அந்த ஆவியை மறுபடி துடைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எஸி. இந்தப் பக்கம் நான்.

முழுகுவதற்குள் ஒரே ஒருமுறை என் இடத்தில் உட்கார்ந்துவிட்டு வரலாம் என்றுதான் விடிந்ததும் போனேன். இருக்கை இடுக்கில் ஆர்வோ சிந்திய ரொட்டித்தூள்கூட அப்படியே இருந்தது. காற்று, என் பக்கத்துக் கதவை அறைந்து சாத்தியது. அவர் பக்கத்துக் கதவு சங்கிலியில் இறுகிக் கிடந்தது. இப்போது தண்ணீர் என் மடியைத் தொட்டுவிட்டது.

எஸி எழுந்து மண்டியிட்டாள். கைப்பிடியைப் பற்றி இழுத்தாள்.

ஆர்வோ போனபிறகு, ஒருவர் சுற்றி வந்து எனக்குக் கதவைத் திறந்துவிட்டது அன்றுதான்.