நூற்றிருபத்தெட்டு என்று சொல்லும் கார்ட்

நெல்லியடிச் சந்திக்கருகே, கணினி திருத்தும் கடையின் கண்ணாடியில் மத்தியான வெயில் அடிக்கிறது. வீடியோக்காரன் நிருஷன் மெமரி கார்ட்டை வாயால் ஊதி, சேர்ட்டில் துடைத்து நீட்டுகிறான். முந்தநாள் வட்டுக்கோட்டையில் எடுத்த கலியாணம் அதற்குள்தான் இருக்க வேண்டும். "நூற்றிருபத்தெட்டு ஜிபி, தங்கச்சி. ஒறிஜினல்." கடையில் திருத்துகிறவள் வினோஜா. அவனுடைய எச்சிலைத் துணியால் ஒற்றிவிட்டு, கார்ட்டை மடிக்கணினியில் செருகுகிறாள். கறுப்புத் திரையைத் திறந்து, கார்ட்டோடு பேசும் டிரைவர் மென்பொருள் வழியாக நேரே கார்ட்டுக்கே கட்டளை அனுப்புகிறாள். உன்னைச் செய்தவன் யார்? வரிசையாகப் பூச்சியம். தொடரிலக்கம்? அதுவும் பூச்சியம். கொள்ளளவு? நூற்றிருபத்தெட்டு என்று உடனே பதில் வருகிறது. பேருமில்லை, ஊருமில்லை, வாய் மட்டும் பெரிசு. அவளுடைய உதடு கோணுகிறது. எட்டு ஜிபிக்கு அப்பால் உள்ளதை வாசித்துக் காட்டச் சொல்கிறாள். திரை முழுக்கப் பூச்சியம் கொட்டுகிறது. அதற்கு முன்னால் கிடக்கும் வீடியோக்களை ஓட்டிப் பார்க்கிறாள்.

"அண்ணை, இது எட்டு ஜிபிக் கள்ளக் கார்ட். மாப்பிள்ளையின்ரை சப்பாத்தைச் சுத்திச் சுத்தி எடுத்திருக்கிறியள், அது கிடக்கு. தாலிகட்டு இல்லை."

அவனுடைய போன் அடிக்கிறது. மணப்பொம்பிளையின் தாய். அவன் தொண்டையைச் செருமிக்கொள்கிறான். "ஓம் அன்ரி, ஐயர் வளர்த்த ஓமப்புகை கார்ட்டுக்குள்ளை போயிட்டுது. ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. பிள்ளையைத் தாலியை ஒருக்காக் கழட்டச் சொல்லுங்கோ, நாளைக்குத் திருப்பிக் கட்டி எடுப்பம்."

மறுமுனையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. வினோஜா செத்த கரப்பானைத் தூக்குவதுபோல் கார்ட்டை இரண்டு விரலால் எடுத்து அவன் முன்னால் போடுகிறாள். அவன் போனைத் தட்டிப் பார்க்கிறான்.

"உங்கடை கடைக்குள்ளை கவறேஜ் இல்லைப்போலை, தங்கச்சி."